ஜாமீன் நிற்காத முகங்கள்

‘செல்போன் விளையாட்டால் பிள்ளைகள் கெட்டார்கள், சினிமா மோகத்தால் இளைஞர்கள் கெட்டார்கள்’ என்னும் இரு வாக்கியங்களை அண்மைக் காலத்தில் நாம் கேளாத இடமில்லை. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் கேட்கிறோம். ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்று பேசும் பெரியவர்களிடம் கேட்கிறோம். பேருந்து நிலையத் தேநீர்க் கடையில், கையில் அதே செல்போனை வைத்து அதே நடிகரின் பாடலைக் கேட்டுக்கொண்டிருப்பவரிடமும் கேட்கிறோம். ‘வெயில் அதிகம், மழை இல்லை’ என்று நம் மாவட்டத்தார் பேச்சைத் தொடங்குவது போல, எவரும் மறுக்கமாட்டார் என்ற துணிவில் சொல்லப்படும் கருத்துகள் இவை. இவற்றை முற்றிலும் பொய்யென்று தள்ள நமக்கு மனமில்லை. ஆயினும் போகிற போக்கில் சொல்லப்படுவதாலேயே இவை தீங்கு எந்த வாயிலில் நுழைகிறது என்பதைக் காட்டாமல் போகின்றன. கேட்கும் மாணவரும் முதல் வாக்கியத்திலேயே காதை மூடிக்கொள்கிறார். ஆகவே இதனைச் சற்று நின்று பேச விரும்புகிறோம்.

முதலில் விளையாட்டு. தமிழ் மரபு விளையாட்டை இழிவாகக் கருதியதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டையும் வைத்து எண்ணினார். திருவள்ளுவரோ ‘சூது’ என ஓர் அதிகாரம் வகுத்து, அதனைக் கள்ளுண்ணாமைக்கு அடுத்ததாக வைத்தார். விளையாட்டு வேறு, சூது வேறு என்பதில் நம் முன்னோர்க்குக் குழப்பம் இருந்ததில்லை. திண்ணையில் பல்லாங்குழி ஆடிய பாட்டியை எவரும் சூதாடி என்றதில்லை. நாடிழந்து காடு சென்ற நளனை எவரும் விளையாட்டுப் பிள்ளை என்றதும் இல்லை. இன்றைய பேச்சில்தான் இவ்விரண்டும் ‘செல்போன் கேம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைபட்டுவிட்டன. இக்குழப்பத்தால் ஆதாயம் அடைந்தவர் யார் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இங்கு நம் மண்ணைத் தொட்ட செய்தி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சிவகாசியைக் ‘குட்டி ஜப்பான்’ என்று பெருமையோடு அழைக்கிறோம். அந்தப் பெரிய ஜப்பானில், கியோத்தோ நகரில், 1889ஆம் ஆண்டு புசாஜிரோ யமவுச்சி என்பவர் பூப்படம் பொறித்த சீட்டுக்கட்டுகளைச் செய்து விற்கும் கடையொன்றைத் தொடங்கினார். அந்தக் கடைதான் நின்டெண்டோ. 1985இல் ‘சூப்பர் மாரியோ’ என்னும் மீசைக்காரப் பொம்மையை உலகெங்கும் ஓடவிட்டது அதே நிறுவனம். இங்கே, 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சகம் வேண்டியிருந்தது. அச்சகம் வந்தபின் பட்டாசுப் பெட்டி, நாட்காட்டி, நாட்குறிப்பு என ஓர் ஊரே மையும் காகிதமுமாக மாறிற்று. காகிதத்தில் படம் அச்சிட்டுப் பிழைத்த ஊர்கள் இரண்டு. அவற்றுள் ஒன்றன் படங்கள் அசையக் கற்றன. மற்றொன்றன் படங்கள் அட்டைப் பெட்டியோடு நின்றுவிட்டன. விளையாட்டைப் பழிக்க மட்டுமே கற்பிக்கும் நாம், விளையாட்டை ஆக்கும் தொழிலின் வாயிலையும் நம் பிள்ளைகளுக்கு அடைத்துவிடுகிறோமோ என்ற ஐயம் நமக்கு உண்டு. வண்ணப் பிரிப்பும் வடிவமைப்பும் கைவந்த குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். விளையாட்டுக்கு ஓவியம் தீட்டுவது ஒரு தொழில் என்று அவர்களிடம் எவரும் சொல்வதில்லை.

பப்ஜி என்னும் விளையாட்டை 2020 செப்டம்பர் 2ஆம் நாள் நடுவண் அரசு தடை செய்தபோது, ‘பிள்ளைகளைக் காக்க அரசு செய்த நல்ல காரியம்’ என்று நம் பெரியவர்கள் மகிழ்ந்தார்கள். அன்று அதனோடு சேர்த்து 118 செயலிகள் தடை செய்யப்பட்டன. சொல்லப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பு. பிள்ளைகளின் படிப்பும் ஒழுக்கமும் அந்த ஆணையின் பேச்சே இல்லை. அடுத்த ஆண்டு சூலையில் அதே வகை விளையாட்டு வேறொரு பெயர் சூட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். உலக சுகாதார நிறுவனம், 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில், இவ்விளையாட்டு மீறிப்போவதை ஒரு கோளாறாகச் சேர்த்திருப்பது உண்மையே. ஆனால் அதற்கு அது வைத்த அளவுகோல் கடுமையானது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டத்தை வைத்தல், தீங்கு கண்டும் விடாமை ஆகியவை பொதுவாகப் பன்னிரண்டு மாதங்கள் நீடித்து, வாழ்க்கையையே குலைக்க வேண்டும். இரவு உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் நண்பர்களோடு கூச்சலிட்டு ஆடும் பையன் இவ்வளவுகோலுக்குள் வரமாட்டான். அவனுக்குத் தேவை உறக்கம். அதை அவன் தாயார் பார்த்துக்கொள்வார்.

நாம் அஞ்சுவது வேறொன்றுக்கு. சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் பருவக் கட்டணம் செலுத்தாமல் நாள் கடத்தி வந்தார். அழைத்துக் கேட்டோம். வீட்டில் கொடுத்த தொகை இணைய ரம்மியில் போயிருந்தது. அவருடைய தாயார் தீப்பெட்டி ஒட்டுகிறவர். குரோஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர். 144 பெட்டி ஒட்டினால்தான் ஒரு குரோஸ் என்பதை இவ்வூரில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவ்வாறு சேர்ந்த பணத்தை எப்படியப்பா முகமறியாத ஒருவனிடம் கொடுத்தாய் என்று கேட்டபோது அந்த மாணவர் சொன்ன பதில் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. “முகம் தெரியாதவங்க இல்லைங்க ஐயா. அவரே வந்து சொன்னாரே!”

அவர் குறித்தது விளம்பரத்தில் வந்த ஒரு புகழ்பெற்ற முகத்தை. முதலில் சிறிது பணத்தை ஊக்கத்தொகையாகக் கொடுத்து, ஓரிரு முறை வெல்லவும் விட்டு, பின்னர் வங்கிக் கணக்கோடு இணைத்துக்கொள்வது அவ்வாட்டத்தின் வழக்கம். மேசையில் எவர் வென்றாலும் தோற்றாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கு நடத்துபவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இவ்வளவும் அந்த மாணவருக்குப் பிறகே தெரிந்தது. முன்னரே தெரிந்தது அந்த முகம் ஒன்றுதான்.

2020 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இணையச் சூதாட்டம் பற்றிய வழக்கு வந்தபோது, இவ்வகை விளம்பரங்களில் தோன்றியமைக்காகக் கிரிக்கெட் வீரர்கள் விராட் கோலி, சௌரவ் கங்குலி ஆகியோருக்கும் பிரகாஷ்ராஜ், தமன்னா, ராணா, சுதீப் ஆகிய திரைக்கலைஞர்களுக்கும் விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்ப நீதிபதிகள் ஆணையிட்டார்கள். ஆட்டத்தை நடத்தியவரைக் கேட்பதோடு நில்லாமல் முகம் கொடுத்தவரையும் கேட்க வேண்டும் என்று நீதிமன்றம் எண்ணியதே, நம் கருத்தில், அச்செய்தியின் உயிர்நாடி. அந்நாளில் பேச்சு முழுவதும் ‘கேம் கெடுதல், தடை செய்’ என்பதிலேயே கழிந்தது. விளையாட்டையும் சூதையும் ஒன்றாகக் குழப்பிய பேச்சால் ஆதாயம் அடைந்தவர்கள் சூது நடத்தியவர்களே. ‘எங்களுடையதும் திறமை விளையாட்டே’ என்று நீதிமன்றங்களில் அவர்கள் சொல்ல முடிந்தது. முகம் கொடுத்தவர்களோ, பேச்சுக்கே அகப்படாமல் நழுவினார்கள்.

‘ஜாமீன்’ என்னும் சொல்லை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். ‘ளாமின்’ என்னும் அரபுச் சொல் பாரசீகத்தின் வழியாக வந்து தமிழில் ஜாமீன் ஆயிற்று. (ரமளானில் நாம் ‘ள’கரம் இட்டு எழுதும் அதே அரபு எழுத்துத்தான் இச்சொல்லின் முதலிலும் நிற்கிறது, மொழி மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.) தூய தமிழில் பிணை. பொருள் ஒன்றே: பிறன் கடனுக்குத் தான் பொறுப்பேற்றல். கடன் வாங்கியவர் கொடுக்காவிடில், கொடுத்தவர் ஜாமீன் நின்றவரின் வாசலுக்கு வரலாம். மார்க்கச் சட்டமும் அதனையே சொல்லும், நாட்டுச் சட்டமும் அதனையே சொல்லும். விருதுநகர்ச் சந்தை நிலவரத்தை நாளிதழ்கள் நெடுங்காலமாக வெளியிட்டு வருகின்றன. பருப்பும் மல்லியும் வற்றலும் எண்ணெயும் மூட்டை மூட்டையாகக் கைமாறிய அச்சந்தையில், முன்பின் அறியாத ஊர் வியாபாரிக்கும் தரகர் ஒருவரின் முகத்துக்காகச் சரக்கு விட்ட காலம் உண்டு. பணம் வராவிட்டால் அந்தத் தரகர் மறுநாள் சந்தைக்குள் தலைகாட்ட முடியாது. முகம் என்பது அங்கே ஓர் ஈடு. அடகு வைத்த நகையைப் போல, அது போனால் போனதுதான்.

விளம்பரத்தில் தோன்றும் முகம் இந்தப் பழைய நம்பிக்கையின் மேல்தான் சவாரி செய்கிறது. தெரிந்த முகம் சொன்னால் நம்பலாம் என்பது நம் மக்களின் பேதைமை அன்று. தலைமுறை தலைமுறையாகச் சந்தையில் உண்மையாக இருந்து வந்த ஒரு விதி. முகம் மட்டும் வந்து, முகத்தோடு வர வேண்டிய பொறுப்பு வராமல் போனதே இதில் நேர்ந்த மோசடி. ஆகவே அந்த மாணவரை முட்டாள் என்று நாம் சொல்லோம்.

சிவகாசிக்காரருக்கு இதனை எளிதில் விளக்கலாம். முகத்தை அச்சிட்டு விற்பது அவ்வூரின் தொழில். கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு, நாடகத்துக்குத் திரைச்சீலை தீட்டியவர். அவர் கைவண்ணத்தில் பிறந்த தெய்வ வடிவங்களைச் சிவகாசி அச்சகங்கள் நாட்காட்டிகளாக்கி வீடுதோறும் சேர்த்தன. தெய்வங்களின் பக்கத்திலேயே தலைவர்களும், பின்னர் நடிகர் நடிகையரும், கிரிக்கெட் வீரர்களும் வந்தமர்ந்தார்கள். ஆடிப்பெருக்கன்று புதிய நாட்காட்டிகளின் மாதிரி ஆல்பம் வெளியிடும்போது, எந்த முகத்துக்கு இவ்வாண்டு கிராக்கி என்பதை அவர்கள் அறிவார்கள். பட்டாசுப் பெட்டி மூடியில் சிரிக்கும் நடிகைக்கும் உள்ளே இருக்கும் மருந்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

அப்பெட்டியை எடுத்துப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். சிறிய எழுத்தில் ஆலையின் பெயர், ஊர், முகவரி இருக்கும். அந்தச் சிறிய பெயருக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள்! நாக்பூரில் இருந்து வர வேண்டிய உரிமம். உரிமம் பெற்ற முதலாளி. சான்றிதழ் பெற்ற போர்மேன். மருந்து கையாளும் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கலாகாது, இத்தனை கிலோவுக்கு மேல் வைக்கலாகாது என்னும் விதி. விபத்து நேர்ந்தால் காவல் நிலையத்தில் முதலில் எழுதப்படுவது உரிமையாளரின் பெயரும் போர்மேனின் பெயருமே. விதிகள் மீறப்படுவதில்லையா எனின், மீறப்படுகின்றன. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை இவ்வட்டாரம் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. ஆயினும் எவரைக் கேட்பது என்பதிலேனும் ஐயம் இல்லை. மூடியில் பெரிதாய்ச் சிரித்த முகத்தை எவரும் கேட்பதில்லை. பட்டாசு வெடிக்காவிட்டாலும் கேட்பதில்லை, கையில் வெடித்தாலும் கேட்பதில்லை. பட்டாசுப் பெட்டியில் இதனால் பெருங்கேடு விளையவில்லை. பெட்டிக்குப் பக்கம் ஒன்று இருக்கிறது, அதில் பெயரும் இருக்கிறது. செல்போன் திரைக்கு அந்தப் பக்கம் இல்லை.

இனிப் புகழ் மயக்கம். ‘நம்மவர்கள் முகத்தைப் பார்த்து ஓட்டுப் போடுகிறவர்கள்’ என்பதும் போகிற போக்கில் சொல்லப்படும் கருத்துகளுள் ஒன்று. 1967இல் விருதுநகரில் பெருந்தலைவர் காமராசர் 1285 வாக்குகளில் தோற்றார். கழுத்தில் கட்டுடன் இருந்த எம்.ஜி.ஆரின் சுவரொட்டிதான் அவரை வீழ்த்தியது என்று சொல்லும் முதியவர்கள் இன்றும் உண்டு. அவரை வென்றவர் நடிகர் அல்லர், பெ. சீனிவாசன் என்னும் இளம் மாணவர் தலைவர். 1965இன் மொழிப் போரும் அந்நாளைய அரிசித் தட்டுப்பாடும் அத்தேர்தலில் வகித்த இடத்தை மறந்துவிட்டு எல்லாவற்றையும் ஒரு சுவரொட்டியின் மேல் ஏற்றுவது, வாக்களித்த மக்களுக்கும் நியாயம் அன்று, மாணவர் இயக்கத்துக்கும் நியாயம் அன்று. 1977இல் எம்.ஜி.ஆர். நம் அருப்புக்கோட்டையிலேயே நின்று வென்று முதலமைச்சரானார் என்பதும் உண்மை. 2024 நாடாளுமன்றத் தேர்தலிலோ, விருதுநகர்த் தொகுதியில் திரைக்கலைஞர் ராதிகா நின்றார். மறைந்த நடிகர் விஜயகாந்தின் மகன் விஜய பிரபாகரன் நின்றார். வென்றவர் திரையோடு தொடர்பில்லாத மாணிக்கம் தாகூர். வித்தியாசம் 4379 வாக்குகள். முகம் ஒரு வலிமைதான், ஆனால் நம் மக்கள் அதனை மட்டுமே நிறுத்துப் பார்க்கிறவர்கள் அல்லர் என்பதற்கு இதனினும் பொருத்தமான சான்று வேண்டியதில்லை. எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்குவது நம் நோக்கம் அன்று என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இதே விருதுநகரில்தான் 1956 சூலை 27ஆம் நாள் தியாகி சங்கரலிங்கனார் உண்ணாநோன்பு தொடங்கினார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு எனப் பெயர் சூட்டுவது உள்ளிட்ட கோரிக்கைகளை வைத்து, அக்டோபர் 13இல் உயிர் நீத்தார். பெயர் மாற்றம் நடைமுறைக்கு வந்தது 1969 சனவரி 14இல். தன் சொல்லுக்குத் தன் உடலையே ஜாமீனாக வைத்தவர் அவர். வகுப்பில் ஒரு முறை அவருடைய படத்தைக் காட்டி இவர் யார் என்று கேட்டோம். கையுயர்த்தியவர் மிகச் சிலர். அதற்காக மாணவர்களைக் கடிந்துகொள்ள நமக்கு நா எழவில்லை. அவர்கள் பார்க்கும் இடங்களில் அவர் முகத்தை நாம் வைத்தால்தானே?

இரசிகர்களைப் பற்றியும் ஒரு சொல். 2023 சனவரியில் சென்னைத் திரையரங்கு ஒன்றின் முன், புதுப்படம் வெளியான இரவின் கொண்டாட்டத்தில் ஓடும் லாரியிலிருந்து குதித்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். 2025 செப்டம்பர் 27இல் கரூரில், நடிகர் விஜய் பங்கேற்ற அரசியல் கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் உயிரிழந்தார்கள். குழந்தைகளும் அவர்களுள் இருந்தார்கள். அதன் பொறுப்பு எவருடையது என்று ஆராய மறுமாதமே உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு ஆணையிட்டது, அந்தக் கேள்விக்குள் நாம் நுழையவில்லை. இறந்தவர்களைச் ‘சினிமாப் பைத்தியங்கள்’ என்று போகிற போக்கில் சொன்னவர்களிடம் மட்டும் நமக்கு வருத்தம் உண்டு. கைக்குழந்தையோடு போன தாய்க்குப் பைத்தியம் இல்லை. தெரிந்த முகம் வருகிற இடத்தில் தனக்கு ஒரு தீங்கும் வராது என்று நம்பியிருப்பார். சந்தையில் சரக்கு விட்டவரும் அதே நம்பிக்கையில்தான் விட்டார். மருந்து அறைக்குள் இத்தனை பேர் என்று எண்ணி வைக்கத் தெரிந்த நாட்டில், முகத்தைக் காணத் திரள்வோரையும் எண்ணி வைக்க ஒருவர் பொறுப்பேற்றிருக்க வேண்டும். நடிகர் அஜித் குமார் 2011இல் தம் பெயரால் இயங்கிய இரசிகர் மன்றங்களைத் தாமே கலைத்தார். திரளை வேண்டாம் என்று சொல்லவும் ஒரு முகத்துக்கு இயலும் என்பதற்காக அதனைக் குறிப்பிடுகிறோம்.

சட்டம் மெல்ல அசைந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான விளம்பரத்தில் பரிந்துரைப்பவர்க்கும் பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்றது. சொன்னதைச் சரிபார்த்துவிட்டே சொன்னேன் என்று காட்டினால் தப்பலாம் என்றும் வழி வைத்தது. நமக்கு இது நியாயமாகவே படுகிறது. சரிபார்த்தவர்தானே ஜாமீன் நிற்க முடியும்? 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரத்தையும் விலக்கி, விளம்பரம் செய்வோருக்கு இரண்டாண்டு வரை சிறையும் ஐம்பது இலட்சம் வரை தண்டமும் வகுத்தது. பணம் வைக்காத விளையாட்டை அது தடுக்கவில்லை. தொல்காப்பியரும் வள்ளுவரும் வேறு வேறாக வைத்தவற்றை நாடாளுமன்றமும் வேறு வேறாகவே வைத்தது என்பதில் தமிழாசிரியர் என்ற முறையில் நமக்குச் சிறு மகிழ்ச்சி.

ரம்மி போனாலும் முகங்கள் ஓய்ந்திருக்கப் போவதில்லை. பெரிய நடிகர் ஒருவர் கோடிக்கணக்கானவரிடம் ஒரே விளம்பரத்தைச் சொன்ன இடத்தில், இன்று நம் பக்கத்துத் தெருப் பையன் இன்ஸ்டாகிராமில் சில ஆயிரம் பேரிடம் முகப்பூச்சையும் கடன் செயலியையும் சொல்கிறான். அவனைப் பின்தொடர்வோர் அவனை அறிந்தவர்கள். ஆகவே நம்பிக்கையும் இன்னும் ஆழமானது. நம் மாணவர்களில் சிலரும் இவ்வாறு முகம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்கள் வாங்கும் தொகை சிறிது. ஆனால் ஜாமீன் நிற்பதும் நிற்காததும் தொகையைப் பொறுத்ததன்று என்பதை அவர்களிடம் நேரில் சொல்லியிருக்கிறோம்.

தமிழ்த்துறையின் சார்பில் இவ்வாண்டு ஒரு பயிற்சி வைக்கலாம் என்று எண்ணுகிறோம். தீபாவளிக்கு முன் முதலாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பட்டாசுப் பெட்டியை எடுத்து, மூடியில் இருக்கும் முகத்தை ஒரு வரியிலும் பக்கவாட்டில் இருக்கும் பெயரையும் முகவரியையும் மறுவரியிலும் எழுதி வர வேண்டும். அவ்வாறே தம் செல்போனில் அன்று கண்ட விளம்பரம் ஒன்றுக்கும் இரு வரிகள் எழுத வேண்டும். இரண்டாவது தாளில் மறுவரி எத்தனை பேருக்கு வெறுமையாக இருக்கிறது என்பதை எண்ணி, அடுத்த மலரில் வெளியிடுவோம்.